காலிக் கட்டடம் தொடர்பாக

கடைசிக் கொண்டை ஊசியில் காது அடைக்கும்.
எச்சில் விழுங்கித் திறந்துகொண்டு
டவுன் பஸ்ஸை விட்டிறங்கி
சில்வர் ஓக் நிழலில் அரை கிலோமீட்டர் நடந்தால்
என் ஆபீஸ்.

ஏழு வருஷம் பூட்டிக் கிடந்த ஆஸ்பத்திரி.
டாக்டர் மாறுதலில் போனார், அடுத்தவர் வரவில்லை.
நர்சம்மா இருந்தார், அவரும் ஓய்வு பெற்றார்.
அதற்கப்புறம்
சாவி மட்டும் பணியில் இருந்தது.

இப்போது ஊராட்சி அலுவலகம்.
பக்கத்து அறையில் வி.ஏ.ஓ.
நோயாளிகள் வரிசைக்குப் போட்ட குழாய்த் தடுப்பை
காண்டிராக்டர் அறுத்துப் போகவில்லை.
நூறு நாள் வேலைக்காரர்கள் அதில் சாய்ந்து சாய்ந்து
எண்ணெய் தடவினாற்போல் மினுங்குகிறது.

எக்ஸ்ரே அறைதான் பதிவறை.
ஈயத்தகடு பதித்த கதவு. எலி நுழையாது,
சிக்னலும் நுழையாது.
பி.டி.ஓ. கூப்பிடுகிற நேரமாகப் பார்த்து
செயலர் தணிகாசலம்
பழைய கோப்பு தேடி உள்ளே போய்விடுவார்.

ஆபரேஷன் தியேட்டரில் மன்றக் கூட்டம்.
நடுத்தரையில் கழிவுநீர் போக ஒரு சல்லடை மூடி.
மூன்றாவது வார்டு மெம்பரின் நாற்காலிக் கால் அதில் இறங்கி
ஒவ்வொரு தீர்மானத்துக்கும் ஒருதரம் ஆடுகிறார்.
ஆதரவா எதிர்ப்பா என்று
மினிட் புத்தகத்தில் எழுத முடிவதில்லை.

பிணவறையை எந்தப் பிரிவும் ஏற்கவில்லை.
பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் ஏற்றுக்கொண்டன.

என் ஜன்னலுக்கு மேலே
இருதயசாமி மூன்று கோட் வெள்ளை அடித்தார்.
ஐப்பசி மழையில் சுவர் ஊறியதும்
முதலில் ஓர் ஊ வந்தது.
பிறகு சி.
கார்த்திகைப் பனியில் முழுசாகவே வந்துவிட்டது:
ஊசி போடுமிடம்.

வீட்டுவரி கட்ட வந்த தும்பாயி
ரூபாயை வைத்துவிட்டு
ஜாக்கெட் கையை மேலே சுருட்டி
ஜன்னலுக்குள் நீட்டினாள்.
இங்க ரசீதுதாம்மா போடுவோம் என்றேன்.
வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள்.
கையை மட்டும் எடுக்கவில்லை.
தொட்டேன்.
காப்பி உலர்த்துகிற சிமெண்ட் களம்
மத்தியானத்தில் சுடுமே, அப்படி.
என் பையில் கிடந்த இரண்டு மாத்திரையைக் கொடுத்தேன்.
எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

அடுத்த திங்கள் அவள் மகன் குப்பன்
கோடு போட்ட தாளில் ஒரு மனு கொண்டுவந்தான்.
கீழே பதினாறு கைரேகை, நாலு கையெழுத்து.
எங்கள் மலைக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும்.
ஊசி போடுமிடத்தில் உட்கார்ந்து வாங்கினேன்.
பெறப்பட்டது என்று முத்திரை குத்தினேன்,
தபால் எண் 117.
நகல் எக்ஸ்ரே அறைக்கு,
அசல் மலையிறங்கி சேலத்துக்கு.

நாலு மாதம் கழித்து மேலேறி வந்தது பதில்:
மனுதாரர்களின் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது.
மேற்படி ஊரில் பயன்பாட்டில் இல்லாத
காலிக் கட்டடம் ஏதும் உள்ளதா,
ஆம் எனில் அறைகளின் எண்ணிக்கை,
தண்ணீர், மின்சாரம், பாதை வசதி ஆகிய விவரங்களை
ஏழு தினங்களுக்குள் அனுப்புக.

இன்று ஏழாவது தினம்.
அறைகள் பதினொன்று என்று அடித்துவிட்டேன்.
தண்ணீர் உண்டு. மின்சாரம் உண்டு, காற்றடித்தால் இல்லை.
பாதை, நான் தினம் நடப்பது.
கேட்கவில்லைதான், இருந்தாலும்
ஈயக் கதவு ஒன்று என்றும் சேர்த்தேன்.

"பயன்பாட்டில்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
கர்சர் விட்டுவிட்டு மின்னுகிறது.
கேட்கலாமென்றால்
செயலர் பதிவறைக்குள் இருக்கிறார்.
மூடுபனி ஜன்னல் வரை வந்துவிட்டது.
ஐந்து பத்து பஸ்
வளைவில் ஹாரன் அடிக்கிறது.